கை சொன்ன சூடு

ஒன்பது மணிக்குள் கலைவாணி ஐந்து ஜிலேபி மீனைப் பிடித்துப் போட்டுவிட்டாள். ரீல் வைத்த தூண்டில், கொக்கி கழற்ற நீள மூக்கு இடுக்கி, ரப்பர் கையுறை, வெயிலுக்குத் தொப்பி என்று பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்திருந்த சங்கரிக்கு ஒன்றுகூட மாட்டவில்லை.

"இன்னா டிகிரி, உன் இங்கிலீசு மீனுங்களுக்குப் புரியலயா?" என்றாள் கலைவாணி.

"வாய மூடுடி. சத்தம் போட்டா ஓடிப்பூடும்."

"நான் பேசிக்கினேதான் இருக்கேன். எனக்கு வருது பாரு."

படகின் பின்முனையில் கோலை ஊன்றி நின்றிருந்த தர்மன் சிரித்தார். தென்னேரி ஏரியை ஏலம் எடுத்தவரிடம் வலை போடுகிற ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பிள்ளைகள் தூண்டிலோடு வந்தால் தன் சின்ன ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு போய் நடு ஏரியில் நிறுத்துவார். தை மாதம், ஏரி தளும்பிக் கிடந்தது. எதிர்க்கரைப் பனைமரங்கள் தண்ணீருக்கு மேல் குச்சி நட்ட மாதிரித் தெரிந்தன.

சங்கரிக்கு மீன் தின்ன ஆசை கிடையாது. மாட்டுவதில் பாதியைத் தர்மனுக்குக் கொடுப்பாள், மீதியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். அவளுக்கு வேண்டியது வேறு. இந்தப் படகில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு நாலு பேர் கேட்பார்கள்: எப்போது கல்யாணம், பொம்பளைப் பிள்ளைக்கு நைட் ஷிப்ட் தேவையா, படித்துவிட்டால் நிமிர்ந்துதான் நடக்க வேண்டுமா. வேலை பார்க்கிற ஒரகடத்துக் கம்பெனியில் அதையே இங்கிலீஷில் கேட்பார்கள். தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவளிடம் மட்டும் எவரும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒரு பெண் கோபத்தோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க இருக்கிற ஒரே கௌரவமான வழி இது என்று அவள் கண்டுபிடித்து எட்டு மாதம் ஆகிறது.

கலைவாணி இன்றுதான் முதல் தடவை வருகிறாள். சங்கரிதான் விடாமல் நச்சரித்து இழுத்துவந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தெரு, பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. கணக்கில் சங்கரியைவிடப் பதினொரு மார்க் கூட வாங்கியவள் கலைவாணி. அப்பா இறந்த வருஷம் தறி வீடுகளுக்கு வேலைக்குப் போனவள் அப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை. "விரல் நல்லா ஓடுதே, படிச்சு இன்னா பண்ணப் போறா?" என்று அப்போது சொன்னவர்கள் ஒவ்வொருவரையும் சங்கரிக்கு இன்றும் பேர் சொல்லித் திட்டத் தெரியும்.

விரல் ஓடியது உண்மைதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று நெய்து முடிந்ததும், அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திருகு. முடிச்சு கிடையாது, பசை கிடையாது. கண்ணால் பார்த்துச் செய்கிறவர்களுக்குக் கழுத்து போய்விடும். கலைவாணி சீரியல் பார்த்துக்கொண்டே செய்வாள். ஓர் இழைக்குப் பதில் இரண்டு வந்தால் விரல் நின்றுவிடும். அந்த இரண்டு விரல்களை வைத்துத்தான் அவளும் அவள் அம்மாவும் சாப்பிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை ஒரே வீட்டில் மூன்று தறிக்குப் பாவு காத்திருந்தது. எல்லாம் முகூர்த்தச் சேலை.

படகில் ஏறியதும் சங்கரி ஒரு வகுப்பே எடுத்திருந்தாள்.

"ஜிலேபிக்கு முதுகுல முள்ளு, ஈரத் துணியால மேலேருந்து அமுக்கிப் புடி. மீசை வெச்சது எது வந்தாலும் தொடாத. கெளுத்தியோ தேளியோ, செவுளுக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் முள்ளு. முள்ளுல வெஷம் இருக்குது. எனக்குக் குடு, நான் இடுக்கியால எடுக்கறேன். கொக்கி ஆழமாப் போயிருந்தா நூல அறுத்து மீன வுட்டுடலாம். புரிதா?"

"நூல அறுக்கறதா?" கலைவாணிக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. "நல்ல நூலுடி இது."

"நைலான் நரம்பு. பட்டு இல்ல."

"எதுவா இருந்தா இன்னா?"

தர்மன், "பாப்பா சொல்றத கேளுமா. தேளி கொட்டிச்சுன்னா ஆம்பளைங்களே அழுவாங்க," என்றார்.

"நான் அழ மாட்டேன்ணா. எனக்குப் பழக்கம் இல்ல," என்று கலைவாணி மண்புழுவைக் கொக்கியில் கோத்தாள். ஊசியில் நூல் கோப்பது போல ஒரே தடவையில் கோத்தாள்.

ஒன்பதரை இருக்கும். முதன்முதலாகச் சங்கரியின் தக்கை தண்ணீருக்குள் போனது. பெரிய இழுப்பு. ரீல் கரகரவென்று ஓடியது. அவள் எழுந்து முழங்காலைப் படகின் ஓரத்தில் முட்டுக் கொடுத்து நின்றாள். அதே நேரத்தில் பின்னால் கலைவாணியும் எதையோ இழுத்து உள்ளே போட்டாள். சங்கரி திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து வாங்கிய கிண்டலுக்கு இந்த ஒன்றாவது கைக்கு வரட்டும் என்று இருந்தது.

"தேளி! தொடாதம்மா!" என்று தர்மன் கத்தினார்.

சங்கரி கழுத்தை மட்டும் திருப்பினாள். முழங்கை நீளத்துக்குக் கருஞ்சிவப்பாக, தட்டைத் தலையும் மீசையுமாக, படகின் அடியில் அது புரண்டுகொண்டிருந்தது. புரளப் புரள நரம்பு அதன் உடம்பைச் சுற்றிப் பக்கத்து முள்ளில் நாலைந்து சுற்றாகச் சிக்கிக்கொண்டது.

"நூல வெட்டிரு! கத்திரி டப்பாவுல இருக்குது!"

"சிக்குதான்டி. எடுத்துடலாம்."

கலைவாணி ஏதோ யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. சிக்கு விழுந்த நூலைக் கண்டதும் அவள் விரல்கள் தாமாகக் கிளம்பிவிட்டன. பன்னிரண்டு வருஷமாகச் சிக்கைக் கண்டால் அவை வேறு எதுவும் செய்ததில்லை. மீனைத் தொடக் கூடாது என்பது அவளுக்கு நினைவிருந்தது. அவள் மீனைத் தொடவில்லை, நூலைத்தான் தொட்டாள். முதல் சுற்று பிரிந்தது. இரண்டாவதைப் பிரிக்கும்போது மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. முள் கட்டைவிரலின் சதையில் இறங்கி, வெளியே வந்து, ஆள்காட்டி விரலைக் கிழித்தது.

கலைவாணி கத்தவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்தாள். பிறகு உடம்பு முழுவதும் வேர்த்தது.

சங்கரி கையிலிருந்த தூண்டிலை அப்படியே ஏரியில் போட்டாள்.

தர்மன் கோலால் நாலே தள்ளில் படகைத் திருப்பிவிட்டார். நூலை அறுத்து, மீனைத் துடுப்பால் நகர்த்தித் தண்ணீரில் தள்ளினார். கரைக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷம் பிடித்தது. வலி மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, அக்குளில் போய் நின்றது. "பச்ச மொளகாய அரைச்சு எலும்புக்குள்ள ஊத்தின மாதிரி இருக்குதுடி," என்றாள் கலைவாணி. அப்போதும் அழவில்லை.

"கரையில சுண்ணாம்பு இருக்குது. தடவுனா வெஷத்த இழுத்துடும்," என்றார் தர்மன்.

"சுண்ணாம்பு வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க படக ஓட்டுங்கண்ணா."

"எங்க அப்பன் காலத்துலேருந்து..."

"உங்க அப்பா காலத்துல பாம்பு கடிச்சா மந்திரிச்சாங்க. அதையும் செய்யலாமா?"

தர்மன் கோலை அழுத்தி ஊன்றினார். அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் சங்கரி சொன்னது சரி. அவள் படித்திருந்தாள். மீன் விஷம் சூடு தாங்காது. கை பொறுக்கிற அளவு வெந்நீரில் கொட்டிய இடத்தை அரைமணி, முக்கால் மணி வைத்தால் வலி இறங்கும். கொட்டிய கை மரத்துப் போயிருக்கும், அது சூட்டைச் சரியாகச் சொல்லாது, நல்ல கையை விட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வரி வரியாக ஞாபகம் இருந்தது. ஞாபகத்தில் அவளை யாரும் அடிக்க முடியாது.

ஏரிக்கரையில் தேவகியின் டீக்கடை. பாய்லரில் எந்நேரமும் தண்ணீர் கொதிக்கும். சங்கரி காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முள் எதுவும் ஒடிந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்தாள், பிளாஸ்டிக் பேசினைக் கேட்டு வாங்கிக் குடத்துத் தண்ணீரையும் பாய்லர் தண்ணீரையும் கலந்தாள். தன் வலது கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு. கலைவாணியின் கையை உள்ளே வைத்தாள்.

பத்து நிமிஷத்தில் கலைவாணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நெஜமாவே கொறையுதுடி. படிச்சது வேஸ்ட் இல்ல."

சங்கரிக்கு நெஞ்சுக்குள் என்னவோ நிமிர்ந்தது. தர்மனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

தண்ணீர் ஆறியது. வலி மறுபடி ஏற ஆரம்பித்தது. சங்கரி பாதியைக் கொட்டிவிட்டுப் பாய்லரிலிருந்து பிடித்து ஊற்றினாள். கையை விட்டுப் பார்த்தாள். போதாது என்று தோன்றியது. இன்னொரு சொம்பு ஊற்றினாள். மறுபடி விட்டுப் பார்த்தாள். இப்போது சரி, இதமாக இருந்தது.

"வையி."

"எரியுதுடி."

"எரியத்தான் செய்யும். வெஷம் எறங்குதுல்ல."

"இல்லடி, இது வேற மாதிரி எரியுது."

"கை மரத்திருக்குது, உனக்குச் சூடு தெரியாது. நான் பாத்துட்டுத்தான் வெச்சேன்."

"சங்கரி, எரியுது." டிகிரி என்று கூப்பிடவில்லை. கையை எடுக்கப் பார்த்தாள். சங்கரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்லதற்காகத்தான் பிடித்தாள். குழந்தைக்கு மருந்து ஊற்றும்போது தாடையைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

கிளாஸ் கழுவ வந்த தேவகி, பேசின் எப்போது காலியாகும் என்று பார்க்கிறவளைப் போல ஒரு விரலை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் உதறி எடுத்தாள்.

"அடிப்பாவி! கோழி உரிக்கிற தண்ணிமா இது! கைய எடு! எடு மொதல்ல!"

சங்கரி விட்டுவிட்டாள். கலைவாணி கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடு உள்ளங்கையும் இரத்தச் சிவப்பாக இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் நுனியில் தோல் வெள்ளையாகி எழும்பியது.

"நான் கைய வுட்டுப் பாத்தேன்கா. வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சு."

"எந்தக் கைய வுட்டே? இரும்புக் கையா?" என்றாள் தேவகி.

சங்கரி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அது சாயக்காரர் நமச்சிவாயத்தின் மகள் கை. சாயப் பட்டறைக் கை. நாலாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடிகிறவரை, ஏன், போன ஆவணி முகூர்த்த நெருக்கடியில்கூட, கொதிக்கிற சோப்புத் தண்ணீரிலிருந்து பட்டு நூல் கழிகளைத் தூக்கிப் பிழிந்த கை. சாய அண்டாவில் விரலை விட்டு "இன்னும் ஏறணும்பா" என்று அப்பாவுக்குச் சொன்ன கை. கையுறை போடுங்கள், தர்மாமீட்டர் வாங்குங்கள் என்று அவள் அப்பாவோடு சண்டை போடாத மாதம் கிடையாது. "என் கைய வுட இன்னாமா மீட்டரு?" என்பார் அவர். அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்திருந்தாள், கை வந்திருக்கவில்லை.

வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்கள். வழி நெடுக ஈரத் துணியைச் சுற்றிய கையைக் கலைவாணி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், முள் இல்லை என்றார், ஊசி போட்டார், கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டினார்.

"வெந்நீர்ல வெச்சது சரி. வேக வெச்சது தப்பு," என்றார். "யார் சூடு பாத்தது?"

"நான்தான் மேடம்."

"பேஷன்ட்டோட இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு? அத விட்டுப் பாக்கச் சொல்லியிருக்கலாமே?"

கலைவாணியின் இடது கை மேஜைமேல் இருந்தது. கீறல் இல்லாமல், சூட்டை ஒழுங்காகச் சொல்லக்கூடிய ஒரு முழுக் கை. பேசினுக்குப் பக்கத்திலேயே அத்தனை நேரமும் இருந்தது. நல்ல கை என்று படித்தபோது சங்கரிக்குத் தன் கைதான் தோன்றியது.

"உணர்ச்சி திரும்ப வருமா மேடம்?" என்று கலைவாணி கேட்டாள். ஏரிக்கரையை விட்ட பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். "எனக்கு விரல் நுனிதான் வேலை."

"தோல் வந்துடும். உணர்ச்சி வரும்னுதான் நெனைக்கறேன். எவ்வளவு வரும், எப்போ வரும்னு இப்ப சொல்ல முடியாது. முள்ளு பட்ட இடமும் வெந்த இடமும் ஒண்ணாயிடுச்சு."

கலைவாணி தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை சங்கரி வேலைக்குப் போனாள். ஒரகடத்தில் கார் பாகங்களின் அளவைச் சோதிக்கிற லேப் அது. முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். அங்கே இருக்கிற ஒவ்வொரு கருவியிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு: கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது. தேதி தாண்டிய கருவியை யாரும் தொடக் கூடாது, அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பீக்கரில் தண்ணீரைச் சுட வைத்து, தர்மாமீட்டரை எண் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டுக் கையை விட்டுப் பார்த்தாள். இதமாக இருக்கிற இடத்தில் நிறுத்தித் திருப்பிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு டிகிரி. தப்பாக இருக்கும் என்று இரண்டாம் தடவை செய்தாள். ஐம்பத்தேழு. மூன்றாம் தடவை ஐம்பத்தெட்டு. அதே சூட்டில் பக்கத்து மேஜைப் பெண்ணை ஒரு விரல் வைக்கச் சொன்னாள். அவள் நகம் நனைவதற்குள் பின்வாங்கி, "பைத்தியமா உனக்கு?" என்றாள். நாற்பத்தைந்துக்கு இறக்கிய பிறகுதான் அவள் கை உள்ளே போனது. அந்தத் தண்ணீரில் சங்கரி கையை விட்டாள். அவளுக்கு அது பச்சைத் தண்ணீர் போல இருந்தது.

வியாழக்கிழமைப் பாவு மூன்றையும் காந்தா என்கிற இன்னொரு பெண் பிணைத்தாள். காந்தா கண்ணால் பார்த்துச் செய்கிறவள். ஒன்றரை நாள் வேலை மூன்று நாளாயிற்று. ஆனாலும் செய்துவிட்டாள். அடுத்த பாவுக்கும் அந்த வீட்டில் அவளையே சொல்லிவிட்டார்கள் என்று சங்கரியின் காதுக்கு வந்தது.

சங்கரி தினமும் சாயங்காலம் கலைவாணி வீட்டு வாசல்வரை போனாள். "தூங்குதுமா," என்று கலைவாணியின் அம்மா சொல்வாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். சீரியலைப் பார்த்து யாரோ சிரிப்பதும் கேட்கும். பத்து நாள் இப்படிப் போனது. பதினோராவது நாள், "தூங்கட்டும், நான் உக்கார்றேன் அத்தை," என்று சங்கரி உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கலைவாணியின் கையில் இப்போது கட்டு இல்லை. கட்டைவிரல் நுனியில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று, ரேகையே இல்லாமல் இருந்தது.

"என் கை தப்பா சொல்லிச்சுடி," என்று சங்கரி ஆரம்பித்தாள். "லேப்ல வெச்சுப் பாத்தேன். மத்தவங்க கை தாங்கறது நாப்பத்தஞ்சு. என் கைக்கு ஐம்பத்தெட்டும் வெதுவெதுப்பாத் தெரியுது. சாயப் பட்டறையில செத்துப் போயிருக்குது. எனக்கே தெரியாது."

கலைவாணி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"சரி. உன் கை தப்பா சொல்லிச்சு. நான் இன்னா சொன்னேன்?"

"எரியுதுன்னே."

"எத்தினி தாட்டி?"

"மூணு."

"அதுக்கு எந்த மீட்டர் வெச்சுப் பாத்தே?"

சங்கரி வலது கையை மடக்கிக்கொண்டாள். பீக்கர், தர்மாமீட்டர், ஐம்பத்தெட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்ட நிம்மதியில் வந்திருந்தாள். கை தப்பான கருவி, அது அவள் தப்பு இல்லை. மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது எந்தக் கருவி? எரிகிறது என்று எரிகிறவளே சொன்னபோது, உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று சொன்ன வாய் யாருடையது? சுண்ணாம்பைச் சொன்ன தர்மன்கூடக் கலைவாணியின் கையைப் பிடித்து அழுத்தியிருக்க மாட்டார். கலைவாணிக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்தவர்களின் வரிசை ஒன்று இருந்தது. அதில் கடைசியாகப் போய் நின்றிருப்பது தான்தான் என்று சங்கரி பார்த்தாள். அவர்களாவது படிக்காதவர்கள்.

"எதுவும் வெக்கல," என்றாள். "நீ சொன்னத நம்பல."

"ஏன்?"

"நான் படிச்சிருக்கேன்னு."

கலைவாணி டிவியை அணைத்தாள். "அந்த ஐம்பத்தெட்ட மொதல்ல சொன்னே பாரு, அப்ப எழுந்து போன்னு சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். "இப்ப உக்காரு."

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். கலைவாணி இடது கையால் எடுத்துக் குடித்தாள்.

"கட்ட அவுத்ததுலேருந்து அம்மா தெனம் நூல் வெச்சுப் பாக்குது. கண்ண மூடிக்கினு இருப்பேன். விரலுக்கு நடுவுல சில தாட்டி நூல வெக்கும், சில தாட்டி நூல் இல்லாம வெச்ச மாதிரி சும்மா தொடும். இருக்குதா இல்லயான்னு நான் சொல்லணும். அம்மாவுக்கு மனசு கேக்க மாட்டேங்குது. நான் தப்பாச் சொன்னாலும் ஆமாங்குது. நீ வெய்யி. நீ பொய் சொல்ல மாட்டே. உனக்கு அந்த அளவுக்கு நல்ல மனசு கெடையாது."

சங்கரி ஒற்றைப் பட்டிழை ஒன்றை எடுத்துக்கொண்டாள். கலைவாணி கண்ணை மூடிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகத் திறந்து நீட்டினாள். பத்துத் தடவை. வைத்ததையும் வைக்காததையும், கலைவாணி சொன்னதையும் சங்கரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தாள்.

"எத்தினி சரி?" கலைவாணி கண்ணைத் திறந்தாள்.

"ஆறு."

"ஆறா! முந்தாநேத்து அம்மாவ சத்தியம் பண்ண வெச்சுக் கேட்டப்ப நாலுதான்டி." பத்து நாளாக இல்லாத வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, ஆறு!" என்று கத்தினாள்.

சங்கரி தாளைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிடலாம். ஒரு நாளைக்காவது அவள் சந்தோஷமாகத் தூங்கட்டும் என்று விட்டுவிடலாம். அவளுக்கு எது நல்லது என்று மறுபடியும் தானே முடிவு செய்யலாம்.

"ஆறுன்னா ஒண்ணும் இல்லடி," என்றாள். "குருட்டாம்போக்குல சொன்னாலே அஞ்சு வரும். ஆறும் வரலாம், நாலும் வரலாம்."

கலைவாணியின் முகம் மாறியது. ஒரு கணம் அடித்துவிடுவாள் போலிருந்தது. பிறகு புருவத்தைச் சுருக்கினாள். பழைய பெஞ்சில் கணக்குப் போடும்போது சுருக்குவது போலவே இருந்தது.

"ஆமா இல்ல," என்றாள் மெதுவாக. "இருக்குது, இல்ல, ரெண்டுதான. பாதிக்குப் பாதி வந்துரும். அப்ப எத்தினி வந்தா நெஜம்?"

"ஒம்பது. அதுவும் ஒரு நாள் வந்தாப் போதாது. தொடர்ந்து வரணும்."

"வராமலே போனா?"

"தெரியலடி. டாக்டருக்கும் தெரியல."

கலைவாணி காலி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "இதுக்குத்தான் உன்ன வெக்கச் சொன்னேன்," என்றாள். அதில் கோபமும் இருந்தது. "நான் ஊகிச்சுச் சொன்னேன்டி, பாதி. நல்லா வரணுமேன்னு. இன்னொரு பத்து வெய்யி. இந்தத் தாட்டி தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்வேன். நாளைக்கும் வா. அதுக்கு அடுத்த நாளும் வா. ஒம்பது வர்றவரைக்கும் உனக்கு ஏரியும் கெடையாது, மீனும் கெடையாது."

"சரி."

கலைவாணி கண்ணை மூடிக்கொண்டு விரல்களை நீட்டினாள். சங்கரி இழையைக் குறுக்காக வைத்தாள். கலைவாணி விரல்களைச் சேர்த்தாள், லேசாக உருட்டினாள், நிறுத்தினாள், மறுபடி உருட்டினாள். தெருவில் ஒரு பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் நின்று, நூல் மாற்றி, திரும்ப ஆரம்பித்தது. அவ்வளவு நேரமும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியல," என்றாள்.

சங்கரி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.